மரணசாதனமும் அற்றோணித் தத்துவமும்: எழுதி முடித்த பிறகு செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் காணிப் பிணக்குகள் பலவற்றின் அடியில் கிடப்பது பிழையாக எழுதிய பத்திரம் அல்ல. சரியாக எழுதி, பிழையாக வைத்த பத்திரம். மரணசாதனமும் (உயில்) அற்றோணித் தத்துவமும் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) ஒரே நொத்தாரிசின் (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) மேசையில், ஒரே நாளில்கூட எழுதப்படலாம். ஆனால் அவற்றுக்கு வரும் ஆபத்து ஒன்றுக்கொன்று நேர் எதிர். மரணசாதனம் எழுதியவர் இறந்த பிறகுதான் வேலை செய்யும், ஆகவே அது தொலைந்து போகக் கூடாது. தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் வேலை செய்யும், ஆகவே காலம் முடிந்த பின்னும் அது கைமாறித் திரியக் கூடாது. பாதுகாப்பு, பதிவு இரண்டையும் இந்த வேறுபாட்டிலிருந்தே யோசிக்க வேண்டும்.

மரணசாதனம்: கையொப்பமிடும் நாளில் கவனிக்க வேண்டியவை

பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் கூடவே இருக்க, எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். ஒரு சாட்சி காலையில் வந்து வைத்துவிட்டுப் போக, மற்றவர் பின்னேரம் வந்து வைத்தால் அந்தப் பத்திரத்தில் ஓட்டை விழுந்துவிடும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன் எழுதும் வழியையும் சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அந்த வழிக்குப் போகாதீர்கள். நொத்தாரிசு இல்லாத மரணசாதனத்துக்கு ஒரேயொரு பிரதிதான் உண்டு. அதைக் கறையான் தின்றால் எல்லாம் முடிந்தது. பிறகு நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் அந்த ஐந்து பேரைத் தேடி அலைய வேண்டும். எங்கள் ஊரில் பத்து வருடத்தில் அந்த ஐந்து பேரும் ஐந்து நாடுகளில் இருப்பார்கள்.

பங்கு பெறப் போகிறவரையோ, அவருடைய கணவரையோ மனைவியையோ சாட்சியாக வைக்கக் கூடாது. வைத்தால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமற் போகும். "எங்கட மருமகன்தானே, நல்ல பிள்ளை" என்று கூப்பிட்டு வைத்து, மகளுக்கு எழுதிய வீட்டையே கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாக, நொத்தாரிசுக்கும் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.

வயதானவரோ சுகவீனமாக இருப்பவரோ எழுதுகிறார் என்றால், அவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று அதே திகதியில் ஒரு வைத்தியரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். பின்னர் வரும் எதிர்ப்புகளில் முதலில் கிளம்புவது "அப்பாவுக்கு அப்ப நினைவே இல்லை" என்பதுதான். கையொப்பத்தோடு பெருவிரல் அடையாளமும் வைக்கச் சொல்லுங்கள். கையொப்பத்தைப் பார்த்து எழுதலாம், விரலை அப்படிச் செய்ய முடியாது.

நொத்தாரிசு எழுதும் அத்தாட்சிப் பகுதியை அங்கேயே இருந்து வாசியுங்கள். எத்தனை பக்கம், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் வெட்டித் திருத்தப்பட்டது, எழுதுபவர் அவருக்குத் தெரிந்தவரா அல்லது சாட்சிகளுக்குத் தெரிந்தவரா, வாசித்து விளக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அத்தாட்சியில் சொல்லாத ஒரு வெட்டு பத்திரத்தில் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துத் தொங்கப்போவது அதில்தான்.

எதை எழுதலாம் என்பதிலும் ஒரு எல்லை உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் தேடிய தேட்டத்தில் (மணவாழ்வின்போது தேடிய சொத்தில்) தங்கள் பாதியை மட்டுமே மரணசாதனத்தில் எழுத முடியும். மற்றப் பாதி வாழ்க்கைத் துணையினுடையது. முழு வீட்டையும் எழுதினால் அந்தப் பாதி செல்லாது, பிள்ளைகளுக்குள் சண்டைதான் மிஞ்சும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், உயிரோடு இருக்கும்போது தன் அசைவற்ற சொத்தை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுத அது வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் முதுசமும் பற்றிய சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சீதனக் காணியைத் தன் விருப்பப்படி எழுத நினைக்கும் பெண்களிடம் "அவர் கையெழுத்து வைக்காமல் முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

கிளிநொச்சிப் பக்கம் அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை மரணசாதனத்தால் கொடுக்க முடியாது. பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பிறகு காணியைப் பெறுபவரை) நியமித்து, அந்த நியமனத்தைப் பதிவு செய்ய வேண்டும். மரணசாதனத்தில் அந்தக் காணியை அழகாக எழுதிவிட்டு நியமனத்தை விட்டுவிட்டால் எழுதியது வெறும் எழுத்துத்தான்.

எங்கே இருக்கிறது அந்த மூலப்பிரதி?

காணி உறுதி எழுதினால் நொத்தாரிசு அதன் இணைப்பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்த வலிகாமத்துச் சனம் பிறகு சான்றுப்படுத்திய பிரதி கேட்டுக் காணிப் பதிவகத்துக்குப் போனது இந்த ஏற்பாட்டை நம்பித்தான். ஆனால் மரணசாதனத்துக்கு இந்த ஏற்பாடு இல்லை. நொத்தாரிசுச் சட்டம் மாதாந்த இணைப்பிரதிகளிலிருந்து மரணசாதனத்தை விலக்கியே வைத்திருக்கிறது. எழுதுபவர் உயிரோடு இருக்கும்போது அதன் உள்ளடக்கம் வெளியே தெரியக் கூடாது என்பதே காரணம். "எல்லாம் காணிக் கந்தோரில இருக்கும்" என்று பிள்ளைகள் நினைத்திருந்தால், அங்கே போய் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஆக, மூலப்பிரதி உங்கள் கையில், இன்னொரு பிரதி நொத்தாரிசின் கோப்பில். இரண்டே இடம். நொத்தாரிசு இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவருடைய கோப்புகள் காணிப் பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆகவே நொத்தாரிசின் பெயர், பத்திர இலக்கம், திகதி மூன்றும் தெரிந்திருந்தால் பிரதியைத் தேட ஒரு வழி இருக்கும். இந்த மூன்றும் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

பிரதி இருந்தால் மூலப்பிரதி எதற்கு என்று கேட்கலாம். மூலப்பிரதி கடைசியாக உங்கள் கைவசம் இருந்தது, நீங்கள் இறந்த பிறகு தேடியும் கிடைக்கவில்லை என்றால், நீங்களே மனம் மாறி அதை அழித்துவிட்டீர்கள் என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. மரணசாதனத்தைக் கிழித்தும் எரித்தும் இரத்துச் செய்யலாம் என்று சட்டமே சொல்வதால் வரும் ஊகம் அது. அந்த ஊகத்தை உடைப்பது பிள்ளைகளின் பொறுப்பாகிவிடும். நகல் கையில் இருந்தும் வழக்கு இழுபடுவது இதனால்தான்.

வைக்கும் முறை: சாதாரணத் தடித்த கடித உறையில், மடிக்க வேண்டியிருந்தால் ஒரு மடிப்போடு. உறையைப் பூட்டுப் போடும் பிளாஸ்ரிக் பைக்குள் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் யாழ்ப்பாண வீட்டுச் சுவர்கள் ஈரம் இழுக்கும். இரும்பு அலுமாரியின் மேல் தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். மரப்பெட்டியும் நிலத்தோடு ஒட்டிய இழுப்பறையும் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் வீடு. வருடத்துக்கொரு முறை, மாரி முடிந்து தை மாதத்தில், எடுத்துப் பார்த்து ஜெல் பொதியை மாற்றுங்கள்.

லாமினேற் செய்யவே கூடாது. கடதாசியின் மேல் சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக், மையையும் முத்திரையையும் நீதிமன்றமோ கையெழுத்து நிபுணரோ பரிசோதிக்க விடாது, உரிக்கப் போனால் எழுத்தையும் சேர்த்து இழுக்கும். செலோரேப்பும் வேண்டாம், மஞ்சளாகி மையைக் கரைக்கும். ஊசியும் பின்னும் குத்தாதீர்கள், கிளிப்பும் போடாதீர்கள். துரு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மூலையில் பழைய பின் ஓட்டை இரண்டு தெரிந்தால், "இதோடு வேறு ஏதாவது பத்திரம் இணைத்திருந்ததா, அது எங்கே?" என்று கேள்வி வரும். நொத்தாரிசு தந்தபடியே இருக்கட்டும். மூலப்பிரதியில் பேனையால் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். முதலில் எழுதியபோது பின்பற்றிய அதே முறையில் கையொப்பமிடாத திருத்தம் செல்லாது, சந்தேகத்தை மட்டும் கூட்டும்.

உறையின் மேல் இப்படி எழுதுங்கள்: "என் மரணசாதனத்தின் மூலப்பிரதி. பத்திர இலக்கம் …, திகதி …. அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசு …. மொத்தம் 4 பக்கம். நிறைவேற்றுனர் …, தொலைபேசி …. நான் இறந்த பிறகு நிறைவேற்றுனரிடம் கொடுக்கவும்." நிறைவேற்றுனர் என்பவர், மரணசாதனத்தில் எழுதியபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்க நீங்கள் அதில் நியமிப்பவர். பக்கங்களின் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். ஒரு தாளை உருவி எடுத்தால் அது காட்டிக் கொடுக்கும்.

வங்கி லொக்கரில் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். லொக்கர் உங்கள் தனிப் பெயரில் இருந்தால், நீங்கள் இறந்ததும் வங்கி அதைத் திறக்க நீதிமன்ற உத்தரவு கேட்கும். உத்தரவு எடுக்க மரணசாதனம் வேண்டும். மரணசாதனமோ லொக்கருக்குள். லொக்கரில்தான் வைப்பேன் என்றால் நிறைவேற்றுனரின் பெயரையும் சேர்த்துக் கூட்டாக எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டு அலுமாரியே மேல்.

நிறைவேற்றுனர் யாழ்ப்பாணத்திலோ குறைந்தது இலங்கையிலோ இருப்பவராக இருந்தால் வேலை சுலபம். கனடாவில் இருக்கும் மூத்த மகனை மட்டும் நியமித்தால், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் விமானம் ஏற வேண்டும் அல்லது இங்கே யாருக்காவது தத்துவம் எழுத வேண்டும். மாற்று நிறைவேற்றுனர் ஒருவரையும் எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் குடியேறிய பெற்றோர் செய்யும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ அங்குள்ள சொத்துக்காகப் புதிதாக ஒரு மரணசாதனம் எழுதும்போது, அச்சு மாதிரியின் முதல் வரியிலேயே "இதற்கு முன் நான் எழுதிய எல்லா மரணசாதனங்களையும் இரத்துச் செய்கிறேன்" என்று இருக்கும். அந்த ஒரு வரி நல்லூரில் பத்து வருடத்துக்கு முன் எழுதியதையும் சேர்த்துக் கொன்றுவிடும். அங்கே எழுதும் வழக்கறிஞரிடம் "இலங்கைச் சொத்துக்கான மரணசாதனம் தவிர" என்று சேர்க்கச் சொல்லுங்கள். மறுமணம் செய்தாலும் பழைய மரணசாதனம் தானாகவே இரத்தாகும், புதிதாக எழுத வேண்டும்.

அற்றோணித் தத்துவம்: குறைவாகக் கொடுங்கள், பதிந்து கொடுங்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்குள்ள காணியைப் பார்க்க, விற்க, வழக்காடத் தத்துவம் அனுப்புவது எங்கள் ஊரில் அன்றாட நடைமுறை. அதில் பெரும்பாலானவை "எனக்காக எல்லாம் செய்யலாம்" என்ற பொதுத் தத்துவம். ஒரு வேலைக்கு ஒரு விசேட தத்துவம் போதும். எழுதும்போது காணியின் பெயர், பரப்பும் குழியும், நான்கு எல்லை, உறுதி இலக்கம், நொத்தாரிசு, திகதி, காணிப் பதிவகத்தின் பதிவு இலக்கம் எல்லாம் வரட்டும். அதோடு எல்லையிடும் ஒரு பந்தி வேண்டும், ஏறக்குறைய இப்படி:

"மேற்சொன்ன காணியை ரூபா … இற்குக் குறையாத விலைக்கு விற்கவும், அப்பணத்தை … வங்கியில் என் பெயரிலுள்ள … இலக்கக் கணக்கில் மட்டும் வைப்பிலிடவும் அதிகாரமளிக்கிறேன். காணியை ஈடு வைக்கவும், நன்கொடை கொடுக்கவும், தன் பெயருக்கோ தன் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் பெயருக்கோ மாற்றவும், இத்தத்துவத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கவும் அதிகாரமில்லை. இத்தத்துவம் … திகதியுடன் முடிவடையும்."

முடிவுத் திகதி எழுதாத தத்துவம்தான் அதிகம் கெடுதி செய்வது. கொடுத்தவர் மறந்துவிடுவார், வாங்கியவர் மறக்கமாட்டார். காணி விற்பனைக்கு ஒரு வருடம், வழக்குக்கு இரண்டு வருடம் என்று போடுங்கள், வேண்டுமானால் புதிதாக எழுதலாம்.

வெளிநாட்டில் கையொப்பமிடுவதாயின் இலங்கைத் தூதரகத்திலோ உயர் ஸ்தானிகராலயத்திலோ கொன்சியூலர் அதிகாரி முன் வைப்பது சிக்கல் இல்லாத வழி. கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை இலக்கம், புகைப்படம், சாட்சிகள் பற்றி அந்த அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேளுங்கள், நாட்டுக்கு நாடு கேட்பது மாறும். அந்நாட்டு நொத்தாரிசு முன் வைத்தால் அதன் உறுதிப்படுத்தலுக்கு மேலும் ஒரு படி ஏற வேண்டும். யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆவண உறுதிப்படுத்தல் பற்றி அங்கே கேட்டால் கொழும்புக்கு ஒரு பயணம் மிச்சமாகலாம். தத்துவச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது, ஆகவே மாமா 2010இல் அனுப்பிய தத்துவத்தைப் பார்த்துப் பிரதி பண்ணி எழுத வேண்டாம்.

வந்து சேர்ந்ததும் பதிவு. 1902ஆம் ஆண்டின் சட்டப்படி தத்துவங்களுக்கான பதிவேடு பதிவாளர் நாயகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மூலப்பிரதி, எழுத்து விண்ணப்பம், தத்துவக்காரரின் (தத்துவத்தைப் பெற்றுச் செயற்படுபவரின்) அடையாள அட்டை ஆகியவற்றோடு பதியக் கொடுங்கள். கொடுக்க வேண்டிய அலுவலகத்தையும் அன்றைய கட்டணத்தையும் காணிப் பதிவகத்தில் கேட்டறியலாம். பதிவு இலக்கமும் திகதியும் மூலப்பிரதியில் இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். பதிவு விபரத்தை அன்றே வெளிநாட்டில் இருப்பவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். பின்னர் இரத்துச் செய்ய வேண்டி வந்தால் அந்த இலக்கம்தான் அவர் கையிலிருக்கும் ஆயுதம்.

மூலப்பிரதி ஒன்றே இருக்கட்டும். வங்கிக்கும் நொத்தாரிசுக்கும் சான்றுப்படுத்திய பிரதி கொடுத்து, எவருக்கு எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரத்துச் செய்யும் நாளில் அந்தத் தாளே முகவரிப் பட்டியல்.

தத்துவத்தை முடிப்பது

தொலைபேசியில் "இனி அதைப் பாவிக்காதை" என்று சொல்வது இரத்து அல்ல. மூலப்பிரதியைத் திரும்ப வாங்கிக் கிழித்தாலும் சான்றுப்படுத்திய பிரதிகள் வெளியே இருக்கும். இரத்துப் பத்திரம் ஒன்றை எழுதி, தத்துவம் பதிந்த அதே அலுவலகத்தில் பதிவு இலக்கத்தைச் சுட்டிக் கொடுங்கள். வர்த்தமானியிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போடுங்கள். தத்துவக்காரருக்கும், பிரதி கொடுத்த வங்கி, நொத்தாரிசு ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். இரத்து அறிவித்தல் கிடைக்காத ஒருவர் நல்ல நம்பிக்கையில் செய்த கொடுக்கல் வாங்கலை உடைப்பது கடினம்.

கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு முடிகிறது. அந்திரட்டிச் சடங்குக்கு முன் அவசரமாக "பழைய தத்துவத்தில" உறுதி முடிப்பவர்கள் செய்வது செல்லாத உறுதி. கொடுத்தவர் நினைவிழந்து படுத்திருந்தாலும் தத்துவத்தின் வலு கேள்விக்குள்ளாகும், மாவட்ட நீதிமன்றத்தின் வழியே போக வேண்டியிருக்கும். ஆகவே தத்துவத்தில் காணி வாங்குகிறவர் மூன்றையும் பார்க்க வேண்டும்: பதிவேட்டில் தத்துவம் இன்னும் இரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, எழுதிய அதிகாரத்துக்குள் இந்த விற்பனை வருகிறதா. கொடுத்தவரோடு நேரடியாகக் காணொளி அழைப்பில் பேசாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். நொத்தாரிசு தத்துவத்தின் பிரதியை உறுதியோடு இணைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

இறந்த பிறகு நிறைவேற்றுனர்

மரணசாதனத்தை வைத்திருப்பவர், அல்லது கண்டெடுத்தவர், அதைத் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது குடியியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை. உறையை எல்லாரும் கூடியிருக்கும்போது, இரண்டு பேர் படம் எடுக்க, திறப்பது நல்லது. மரணச் சான்றிதழ், மூலப்பிரதி, உரித்தாளர் விபரம், சொத்துகளின் பட்டியலும் பெறுமதியும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். நொத்தாரிசு உயிரோடு இருந்தால் அவருக்கும் சாட்சிகளுக்கும் அறிவித்துவிடுங்கள்.

நீதிமன்றம் நிறைவேற்றுனருக்கு அதிகாரம் வழங்கிய பிறகும் காணி தானாகப் பெயர் மாறாது. நிறைவேற்றுனர் பங்குதாரர்களுக்கு நொத்தாரிசு முன் உரித்து மாற்றும் உறுதி எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பழைய பதிவு ஓடும் அதே பக்கத்தில் பதிவிக்க வேண்டும். புதுப் பக்கம் திறந்து பதிந்தால் பழைய பக்கத்தில் வேறொருவர் எழுதும் உறுதி முந்திக்கொள்ள வழி பிறக்கும். பதிந்து சில வாரம் கழித்துத் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்து, புதிய பெயர், பரப்பு, எல்லை மூன்றும் உறுதியோடு பொருந்துகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் எழுதிய நொத்தாரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.